எஃப் செவன் யாருக்கு?

பழைய கம்ப்யூட்டர் கருகி நின்றுபோன அன்று சகாயமேரி அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. விட்டது சனியன் என்றுதான் நினைத்தாள். புதுசு வந்து இறங்கியது, ஒயரெல்லாம் மாட்டினார்கள், வழக்கமான கறுப்புத் திரையும் வந்தது. வழக்கம்போல எஃப் செவன் பட்டனை அமுக்கினாள். திரையில் ஒன்றும் ஓடவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தைக் காட்டும் பட்டை ஒன்று மூலையில் வந்து போனது. மறுபடி அமுக்கினாள். சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியது. அப்போதுதான் அவளுக்குப் பழசின் அருமை தெரிந்தது.

பழங்காநத்தத்தில் ஒரு பார்சல் கம்பெனியின் கிளை ஆபீஸில் அவள் காலை ஷிஃப்ட் புக்கிங் கிளார்க். கம்பெனியின் புக்கிங் எல்லாம் தலைமை ஆபீஸில் இருக்கும் அரதப் பழசான ஒரு பெரிய கம்ப்யூட்டரில்தான் ஏறும். ஊர் ஊராக இருக்கும் கிளைகள் ஒரு டெர்மினல் புரோகிராம் வழியாக அதோடு பேசவேண்டும். மவுசுக்கு அங்கே வேலை இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து கேட்கும், இவள் தட்டித் தட்டிப் பதில் சொல்லவேண்டும். எந்த ஊர், என்டர். எந்தக் கிளை, என்டர். மூட்டையா பெட்டியா, என்டர். உடையுமா உடையாதா, என்டர். ஒவ்வொரு பார்சலுக்கும் இப்படித் தட்டிக்கொண்டிருந்தால் கவுண்டரில் நிற்கிறவன் சரக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்துவிடுவான்.

அதற்குத்தான் மேக்ரோ. அத்தனை தட்டலையும் ஒரே பட்டனுக்குள் அடைத்துவைத்துவிடலாம். எஃப் செவனை ஒரு தடவை அமுக்கினால் தேனி, தேனிக் கிளை, பெட்டி என்று எல்லாம் கடகடவென்று தானாக ஓடி, பெயர் கேட்கும் இடத்தில் வந்து நிற்கும். எஃப் சிக்ஸ் உசிலம்பட்டி, எஃப் எய்ட் போடி. மேரி கீபோர்டைப் பார்க்கவே மாட்டாள். வாய் கஸ்டமரோடு பேசும், கண் பெட்டியில் இருக்கும், விரல் அதுபாட்டுக்கு ஊரைத் தேடிப் போகும். அந்த மேக்ரோ அத்தனையும் பழைய கம்ப்யூட்டரோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தது.

தலைமை ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் ஜினோ. சின்ன வயசு, பேச்சில் தேன் ஒழுகும். "மேடம், அது ரொம்ப சிம்பிள். இடப்பக்க மூலையில இருக்க ரெண்டு பட்டனை ஒரு தடவை சேத்து அமுக்குங்க, சத்தம் கூடுறது நின்னுரும். செட்டிங்ஸ்ல கீ மேக்ரோன்னு இருக்கும். நீங்களே போட்டுக்கலாம்," என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான்.

சிம்பிளாம்.

கீ மேக்ரோ என்பதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போனது. கண்டுபிடித்துத் திறந்தால் எஃப் ஒன்னிலிருந்து எஃப் டுவெல்வ் வரைக்கும் வரிசையாகக் காலிக் கட்டங்கள். எஃப் செவனுக்கு நேரே தேனி என்று அடித்து, பக்கத்தில் என்டர் என்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி அடித்தாள். வேறெப்படி அடிப்பது? ஓகே கொடுத்துவிட்டுப் பட்டனை அமுக்கினால், அந்தப் பாழாய்ப்போன புரோகிராம் என்டரைத் தட்டாமல் ஈ, என், டி, ஈ, ஆர் என்று எழுத்து எழுத்தாகத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பிவைத்தது. அன்று அல்லிநகரத்துக்குப் போன ஒரு மாவு மெஷின் பெட்டியில், வாங்குபவர் பெயர் என்டர் என்றே அச்சாகியிருந்தது. தேனிக் கிளைக்காரன் போன் போட்டு, "அக்கா, என்டர்னு யாரும் இந்த ஊர்ல இல்லயே," என்றான்.

மறுபடி ஜினோ. "அய்யோ மேடம், அப்படி இல்ல. ஆறு நம்பருக்கு மேல ஒரு கூரை மாதிரி குறி இருக்கும்ல? அதப் போட்டு பக்கத்துல எம் போடணும். அதுதான் என்டர்."

"அதை மொதல்லயே சொன்னா என்ன தம்பி?"

"நீங்க கேக்கலயே மேடம்."

கூரையும் எம்மும் போட்டாள். இப்போது வேறு கூத்து. மேக்ரோ சிட்டாகப் பறந்தது, தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர் கிழட்டு மாடு மாதிரி அசைபோட்டது. இது அனுப்புகிற எழுத்தில் பாதியை அது முழுங்கிவிட்டது. ஊர் இருந்தால் கிளை இல்லை, கிளை இருந்தால் பெட்டி இல்லை. ஒவ்வொரு என்டருக்கும் பின்னால் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கொடுக்கவேண்டும், அதற்கு இன்னொரு குறி என்று மூன்றாவது போனில் தெரிந்தது. எஃப் ஒன்னில் எதைப் போட்டாலும் உதவிப் பக்கம் திறந்துகொண்டது. எஃப் டென்னைத் தொட்டால் அம்புக்குறி மேலே மெனுவுக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ரெண்டையும் தொடவே கூடாது என்பது நான்காவது போன்.

இவ்வளவும் கவுண்டரில் கூட்டத்தை வைத்துக்கொண்டு. "ஏக்கா, பொம்மை விளையாட்டு அப்புறம் விளையாடலாம், எங்க பெட்டியப் போடுங்க," என்று ஒருவன் சத்தமாகவே சொன்னான். மேரிக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி அவன் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கட்டி எங்காவது தூரமாக அனுப்பிவிடலாம் போல இருந்தது. அந்த ஊருக்கும் மேக்ரோ இல்லை.

எப்படியோ போராடி முடித்தாள். எஃப் சிக்ஸ், எஃப் செவன், எஃப் எய்ட் மூன்றும் பிழையில்லாமல் ஓடின. அன்றைக்கு வீட்டுக்குப் போய் வீட்டுக்காரர் ஜேசுராஜிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அவர் "அப்படியா" என்று சொல்லிவிட்டு டீவியைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் முதல் பெட்டி தேனிக்கு. எஃப் செவன். திரையில் தென்காசி என்று விழுந்தது.

மத்தியான ஷிஃப்ட் கிளார்க் மொக்கையன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், இன்னும் வீட்டில் நாலு மாடும் கொஞ்சம் நிலமும் உண்டு. மேரிக்கு முன்னாலிருந்தே ஆபீஸில் இருக்கிறவர். காலையில் கிளம்பும் லாரி மேற்கே தேனி, போடி பக்கம் போகும். சாயங்காலம் கிளம்புவது தெற்கே ராஜபாளையம், தென்காசி பக்கம். அதனால் அவர் எஃப் சிக்ஸை ராஜபாளையமாகவும், எஃப் செவனைத் தென்காசியாகவும், எஃப் எய்ட்டை அந்தப் பக்கத்து இன்னொரு ஊராகவும் வைத்திருந்தார். பழைய கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு மேக்ரோ. அவரவர் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தார்கள், இத்தனை வருஷமும் ஒருத்தர் பட்டன் இன்னொருத்தருக்குத் தெரியாது. புதுசில் கிளைக்கு ஒரே லாகின்தான். பட்டனும் ஒரே செட்.

மேரி அவர் வரும்வரை காத்திருந்தாள்.

"மொக்கையண்ணே, நான் மூணு நாளா உசிரக் குடுத்துப் போட்டு வச்சத அழிச்சிப்புட்டீகளே!"

"எதை அழிச்சேன்?"

"எஃப் செவன்."

"எஃப் செவன் தென்காசி தாயி. அது எப்பவும் தென்காசிதேன்."

"எனக்கு எப்பவும் தேனி."

"காலைல தேனியா இருக்கட்டும். மத்தியானம் தென்காசியா இருக்கட்டும். நான் வேணாங்கலயே," என்று சொல்லிவிட்டு அவர் டிபன் பாக்ஸை மேஜைக்கடியில் வைத்தார்.

ஜினோவைக் கேட்டதில், ஷிஃப்ட் பட்டனோடு சேர்த்து அமுக்கினால் இன்னொரு செட் வைத்துக்கொள்ளலாம் என்றான். மொக்கையன் ஒப்பவில்லை. "ரெண்டு கையால அமுக்க நான் என்ன ஆர்மோனியமா வாசிக்கேன்? நீ அமுக்கிக்க." மேரிக்கு ஒரு கை எப்போதும் பெட்டி மேலே லேபிளோடு இருக்கும், அவளாலும் முடியாது. கிளை மேனேஜர் அழகுராஜாவிடம் போனார்கள். அவர் தனி லாகின் வேண்டுமென்று தலைமை ஆபீஸுக்கு மெயில் அனுப்பினார். புகார் தீர்க்கப்பட்டது, நன்றி என்று பதில் வந்தது. எதுவும் தீரவில்லை. "சின்னப்புள்ளைக மாதிரி ஒரு பட்டனுக்குச் சண்டை போடாதீங்க, கஸ்டமர் பாக்குறாங்க," என்று அழகுராஜா கண்ணாடி ரூமுக்குள் போய்விட்டார்.

அதற்கப்புறம் தினமும் இதே கதை. காலையில் மேரி வந்து மூன்று பட்டனையும் மாற்றுவாள். மத்தியானம் மொக்கையன் வந்து திருப்பி மாற்றுவார். கீபோர்டில் மேரி தேனி என்று எழுதி ஒட்டிய சின்னப் பேப்பரை அவர் சுரண்டிப் போட்டிருந்தார். அவள் புதுசாக ஒட்டினாள். அதையும் சுரண்டினார். பேச்சு குறைந்து, "வாரேன்", "போறேன்" என்கிற அளவில் நின்றுபோனது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மேரி மூன்று பட்டனையும் மாற்றிவிட்டு, சேமிக்கலாம் என்று மெனுவைத் திறக்கும்போதே கவுண்டரில் ஆள் சேர்ந்துவிட்டது. நல்ல முகூர்த்த நாள் வேறு. அப்புறம் சேமித்துக்கொள்ளலாம் என்று புக்கிங்கை ஆரம்பித்துவிட்டாள். நடுவில் கரண்ட் ஒரு கண் சிமிட்டியது. யூபிஎஸ் பேட்டரி போய் மாசக்கணக்காகிறது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி உயிர் வந்தபோது, அவள் சேமிக்காத எல்லாம் போய், முந்தின நாள் மொக்கையன் சேமித்துவைத்தது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கூட்டத்தில் கடைசியாக நின்றவர் முத்திருளன். அவனியாபுரத்தில் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருப்பவர். நீளமான அட்டைப்பெட்டியைக் கவுண்டரில் பதனமாக வைத்தார்.

"மேரிக்கா, தேனிக்கு. அல்லிநகரத்துப் பொண்ணு ஒண்ணு, பாண்டீஸ்வரின்னு பேரு. முழங்காலுக்குக் கீழ மாட்டுற காலு. பழசு உள்ள கடிச்சுப் புண்ணாக்குதுன்னு அளவெடுத்துப் புதுசா செஞ்சிருக்கேன். திங்கக்கிழமை வேலையில சேரணுமாம். பாத்து அனுப்புங்க."

"நாளைக்குக் காலைல கையில இருக்கும்ணே," என்றாள் மேரி. கண் பெட்டியின் கயிற்றுக்கட்டு மேல் இருந்தது. விரல் எஃப் செவனை அமுக்கியது. பெயரும் போன் நம்பரும் அடித்து, அச்சான லேபிளைக் கிழித்து ஒட்டி, மேலே உடையும் பொருள் என்ற சிவப்புத் துண்டையும் ஒட்டினாள். முத்திருளன் ரசீதைப் படிக்காமல் சட்டைப்பைக்குள் மடித்து வைத்தார். பெட்டி உள்ளே போய், லேபிளில் என்ன எழுதியிருந்ததோ அந்த ஊர்க் குவியலில் உட்கார்ந்தது. சாயங்கால லாரியில் தெற்கே கிளம்பியது.

சனிக்கிழமை காலை, ஆபீஸைத் திறந்து கொஞ்ச நேரத்தில் போன்.

"அக்கா, நான் அல்லிநகரத்துலருந்து பாண்டீஸ்வரி பேசுறேன். தேனி ஆபீஸுக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன், என் பார்சல் வரலேங்கறாங்க."

"வந்திருக்குமே தாயி, நானே போட்டேன்," என்று சொல்லிக்கொண்டே மேரி ரசீது எண்ணைத் தட்டினாள். தென்காசிக் கிளை, வந்து சேர்ந்தது என்று பச்சை எழுத்து பதில் சொன்னது. மேரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணை இன்னொரு தடவை தட்டினாள், அதே பதில்.

"அக்கா?"

"இருக்கேன்மா. பெட்டி... ஊர் மாறிப் போச்சு. தென்காசியில இருக்கு."



"தென்காசியில எனக்கு யாருமே இல்லயேக்கா," என்றாள் அந்தப் பெண். அழவில்லை. அதுதான் மேரியை என்னவோ செய்தது. "ரேஷன் கடையில வேலை போட்டிருக்காக. திங்கக்கிழமை சேரணும். பழைய காலை மாட்டுனா ஒரு மணி நேரம் நிக்க முடியாது, ரத்தம் வந்துரும். கக்கத்துல கட்டை வச்சிக்கிட்டுப் போகலாம். ஆனா மொத நாளே கட்டையோட போனா அவங்க அந்தக் கட்டையத்தேன் பாப்பாங்க. என்னையப் பாக்க மாட்டாங்க."

மேரி அழகுராஜாவிடம் ஓடினாள். தென்காசியிலிருந்து இன்றைய லாரி கிளம்பிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, திங்கள் கிளம்பி மதுரை வந்து, செவ்வாய் தேனி லாரியில் ஏறும் என்றார். "வழியில தாமதம்னு சொல்லுங்க மேடம். ரெண்டு மூணு நாள்தானே. உடைஞ்சா போச்சு?"

மொக்கையன் மத்தியானம் டிபன் பாக்ஸோடு உள்ளே நுழைந்தபோது மேரிக்கு அதுவரை அடக்கிவைத்தது மொத்தமும் வாயில் வந்துவிட்டது.

"ஒங்க எஃப் செவனால ஒரு பொண்ணோட காலு தென்காசியில கெடக்குதுண்ணே! சந்தோசமா? நல்லா இருக்கா?"

"என்னத்தா சொல்ற?"

சொன்னாள். சேமிக்கும் முன்னால் கரண்ட் போனதையும் சேர்த்துத்தான் சொன்னாள். சத்தம் குடோன்வரை போனது. சுமை தூக்குகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அமுக்குனது நானா?" என்றார் மொக்கையன், முகம் சிவந்து. "லேபிளை ஒட்டுனது நானா? ஒட்டும்போது என்ன ஊருன்னு பாக்கவேணாமா? சேமிக்காம விட்டது ஆரு?"

அத்தனையும் உண்மைதான். உண்மையாக இருந்ததால் மேரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். மொக்கையனும் நாற்காலியில் உட்காரவில்லை. திரையில் இன்னும் அந்த ரசீது திறந்திருந்தது. முகத்தை ரொம்பக் கிட்டத்தில் கொண்டுபோய் அதைப் படித்தார். பிறகு செல்போனை எடுத்துத் தென்காசிக் கிளைக்குப் போட்டார்.

"ஏலே சோணை, நான் மொக்கையன். ஆமா, பழங்காநத்தம். ஒரு நீளப் பெட்டி வந்திருக்கா பாரு, செகப்புத் துண்டு ஒட்டி... அதேதேன். நாளைக்கு மதுரை வார மொத பஸ்ல கண்டக்டரு கையில குடுத்து விடு. திருமங்கலத்துல வாங்கிக்கிறேன். பெட்டிய எறிஞ்சு கிறிஞ்சு போடாத, அதுக்குள்ள காலு இருக்கு. ஆமாடா, காலுதேன். அம்புட்டுத்தேன் சொல்ல முடியும்."

போனை வைத்துவிட்டு மேரியைப் பார்க்காமல் சொன்னார். "திருமங்கலத்துலருந்து உசிலம்பட்டி வழியா தேனிக்குப் போயிரலாம். நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

"நானும் வாரேன்."

"நீ எதுக்கு? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவே."

"மொதப் பூசைக்குப் போயிட்டு வாரேன். நீங்க பாட்டுக்கு வாங்கி, பழக்கதோசத்துல தெக்க போற பஸ்ல ஏறிட்டா?"

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அவள் போய் இறங்கும்போதே மொக்கையன் வந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு பஸ் வரும்போதும் பெயர்ப்பலகையைப் படிக்க, கிட்டத்தட்ட சக்கரத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றார். கண்டக்டர்கள் திட்டினார்கள். மேரிதான் தென்காசி பஸ்ஸைத் தூரத்திலிருந்தே பார்த்து, "அந்தா வருது" என்றாள். கண்டக்டர் பெட்டியை ஜன்னல் வழியாக நீட்டினார். ஒரு மூலை நசுங்கியிருந்தது. மேரி அதைத் தடவிப் பார்த்தாள், குலுக்கிப் பார்க்கவும் பயம்.

உசிலம்பட்டியில் மாறி ஏறின தேனி பஸ்ஸில் கூட்டம். மேரி ஜன்னலோரம், மொக்கையன் இந்தப் பக்கம், பெட்டி ரெண்டு பேர் மடியிலும் குறுக்காக. கண்டக்டர் வந்தார்.

"இது லக்கேஜ் போடணும். உள்ள என்ன?"

"காலுங்க," என்றார் மொக்கையன்.

"எதோட காலு?"

"மனுசக் காலு."

முன் சீட்டில் இருந்த மூன்று பேர் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கண்டக்டர் ஒரு அடி பின்னால் போனார். "செயற்கைக் கால் அண்ணே, மாட்டுற காலு, ஒரு பொண்ணுக்குக் கொண்டுபோறோம்," என்று மேரி பதறிப்போய்ச் சொன்னபிறகுதான் பஸ்ஸுக்குள் பேச்சு திரும்ப வந்தது. கண்டக்டர் லக்கேஜ் போடவில்லை.

பஸ் ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டியது. பிறகு மேரிதான் ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேக்கேன். அந்தத் தென்காசியை எஃப் நைன்ல வச்சா ஒங்களுக்கு என்ன கொறைஞ்சு போகுது? காலியாத்தானே கெடக்கு?"

மொக்கையன் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். "பட்டன்மேல எழுதியிருக்கிறது எனக்குத் தெரியல மேரி. ரெண்டு வருசமா மங்கலு. கண்ணுல பொரைன்னு டாக்டரு சொல்லியிருக்காக, உரிக்கணுமாம். ஸ்கிரீன்ல இருக்க பெரிய எழுத்து தெரியும். கீபோர்டு தெரியாது. ஆளு பேரைக்கூடத் தடவித் தடவி அடிச்சு, ஸ்கிரீனைப் பாத்துத்தேன் திருத்துறேன். விரலு பழகுன எடத்துக்குப் போகுது, அவ்வளவுதேன். எஃப் நைனுன்னா நான் எங்கனன்னு தேடுறது?"

"இதை மொதல்லயே சொன்னா என்னண்ணே?"

"சொல்லி? கண்ணு தெரியாதவனுக்குப் புக்கிங்ல என்ன வேலைன்னு அழகுராஜா கேக்கவா?"

மேரிக்கு உச்சந்தலைவரை கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேப்பர் ஒட்டியிருக்கமாட்டாள். சண்டை இருந்திருக்காது. இந்தப் பெட்டி நேற்றே போய்ச் சேர்ந்திருக்கும். இந்த வயசில் ஒரு மனுசன் இத்தனை வீம்பாகவா இருப்பான்?

"அப்ப நான் எழுதி ஒட்டுனதை எப்பிடிச் சுரண்டுனீங்க?"

"விரலுக்குச் சொரசொரன்னு தட்டுச்சு. சுரண்டிட்டேன்."

"கிழிஞ்சது போங்க," என்றாள் மேரி. பெட்டியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு எப்பப் போறதா உத்தேசம்?"

"கதிரறுப்பு முடியட்டும்."

"ஒங்க வீட்டம்மா நம்பரக் குடுங்க. நான் பேசுறேன்."

அவர் நம்பரைத் தரவில்லை.

அல்லிநகரத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையாக இல்லை. பாண்டீஸ்வரி வாசலுக்கு ஒரு கையில் கட்டையோடு வந்து நின்றாள். இருபத்தைந்து இருக்கும். காலேஜ் படிக்கும்போது ஸ்கூட்டியில் போய் லாரியில் மாட்டியது என்று அவள் அம்மா சொன்னாள். பெட்டியைப் பார்த்ததும் பாண்டீஸ்வரி வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து கத்தியால் பெட்டியின் கயிற்றை அறுத்தாள். நசுங்கின மூலையில் சணல் திணித்திருந்தது, காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேரி மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி உறையை மாட்டி, காலை ஏற்றி, சுவரைப் பிடித்து எழுந்தாள். மெதுவாக வாசல்வரை போய்த் திரும்பினாள். இன்னொரு தடவை போனாள். இடுப்பில் கைவைத்து வெறுமனே நின்றும் பார்த்தாள். ரேஷன் கடையில் எடை போடும்போது பிடிமானமில்லாமல்தானே நிற்கவேண்டும். அப்புறம்தான் அவர்களைச் சரியாகப் பார்த்தாள்.

"எப்பிடிக்கா தென்காசி போச்சு?"

"அது வந்து, எஃப் செவன்னு ஒரு பட்டன்..." என்று மேரி ஆரம்பித்தாள்.

"காலைல அது தேனி, மத்தியானம் தென்காசி," என்றார் மொக்கையன்.

"சேமிக்கிறதுக்குள்ள கரண்டு போயிருச்சு..."

"லாகின் ஒண்ணுதேன் குடுத்திருக்காக..."

பாண்டீஸ்வரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு பட்டனுக்காக நேத்து முழுக்க எங்கம்மா சாப்பிடல," என்றாள். "நான் ராத்திரி கட்டையோட எப்பிடி நிக்கிறதுன்னு நின்னு பாத்தேன். ஊரு பேரைக் கையால அடிக்கிறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? சொல்லுங்க, எம்புட்டு நேரம்?"

 அவள் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். "நல்லபடியாச் சேந்துக்க தாயி" என்று மொக்கையன் சொன்னதற்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாசல்வரை நடந்து வந்தாள் என்பதுதான் ஆறுதல்.

திங்கட்கிழமை காலையில் மேரி கீ மேக்ரோவைத் திறந்து ஊர் அத்தனையையும் அழித்தாள். எஃப் சிக்ஸ் காலி. எஃப் செவன் காலி. எஃப் எய்ட் காலி. முதல் வேலையாகச் சேமித்தாள். ரெண்டு தடவை சேமித்தாள். அன்று ஷிஃப்ட் முழுக்க ஊர்ப்பெயரைக் கையால் அடித்தாள். கூட்டம் வாசல் தாண்டி டீக்கடைவரை நின்றது. அழகுராஜா கண்ணாடியைத் தட்டித் தட்டி என்ன என்று கேட்டார். அவள் திரும்பவே இல்லை.

மொக்கையன் மத்தியானம் வந்து உட்கார்ந்து எஃப் செவனை அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.

"என்னத்தா, ஒண்ணும் ஓடல?"

"ஓடாது. ஊரு கையாலதேன் அடிக்கணும். ரெண்டு பேரும்."

"எனக்குப் பட்டன்மேல எழுத்துத் தெரியாதுன்னு சொன்னேன்ல?"

"எழுத்துப் பட்டன் தேடி அடிங்க. மெதுவா அடிங்க. தப்பா அடிச்சா ஸ்கிரீன்ல தெரியும்ல, அதுதான் வேணும். கண்ணை உரிச்சுக்கிட்டு வாங்க, அப்புறம் பாப்போம்."

அவர் வாய்க்குள் என்னவோ முனகினார். பிறகு, ஊர் இல்லாவிட்டால் போகட்டும், ரசீது அச்சடிப்பதற்காவது ஒரு பட்டன் வேண்டும் என்றார். அதில் தப்பில்லை என்று மேரிக்கும் பட்டது. கிளம்ப நேரமாகியும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அச்சடிக்க எஃப் ஃபோர் என்று அவள் சொல்ல, எஃப் ஃபைவ்தான் விரலுக்குத் தோதாக இருக்கும் என்று அவர் சொல்ல, மறுபடி ஆரம்பித்தது. நடுவில் பாண்டீஸ்வரியிடமிருந்து போன். மேரி எழுந்து வெளியே போய்ப் பேசினாள்.

"சேந்துட்டேன்க்கா. காலைலருந்து நின்னேன், இப்பத்தேன் சாப்பாட்டுக்கு விட்டாக. சரியான கூட்டம். காலு விண்ணு விண்ணுன்னு வலிக்குது, எந்தக் காலுன்னு மட்டும் கேக்காதீங்க." முதல் தடவையாக அந்தக் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "அந்த அண்ணன்கிட்டயும் சொல்லுங்க."

மேரி உள்ளே வந்து சொன்னாள். மொக்கையன் "ம்" என்றார். கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டே, ஒற்றை விரலால் தேடித் தேடி ராஜபாளையம் என்று அடித்துக்கொண்டிருந்தார். கவுண்டரில் நின்ற ஆள் பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் மூட்டை மேலேயே உட்கார்ந்தார்.

"அண்ணே, ஆர் எழுத்துக்கப்புறம் ஏ," என்றாள் மேரி.

"தெரியும். நீ கெளம்பு."

"ஏ அங்க இல்ல. இடப்பக்கம். இன்னும் இடப்பக்கம்ணே. அய்யோ, அது கேப்ஸ் லாக்கு!"